உள்வாங்கிய மார்புக் காம்புக்கு ஆபரேஷன் கிடையாது என்கிறது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்., என்ன செய்வது?

கேள்வி: டாக்டர் அக்கா, எனக்கு 28 வயது. கணவரின் வேலை விசாவில் வந்து கிழக்கு லண்டனில் இருக்கிறோம். வயசுக்கு வந்த காலத்திலிருந்தே எனக்கு இரண்டு மார்பிலும் காம்பு உள்ளே போய்த்தான் இருக்கிறது. குளிர்ந்தாலோ விரலால் அழுத்தினாலோ வெளியே வரும், விட்டால் கொஞ்ச நேரத்தில் திரும்ப உள்ளே போய்விடும். வலி எதுவும் இல்லை. இந்த வருஷம் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறோம். விஷயம் எப்படியோ மாமியார் காதுக்குப் போய், "காம்பே இல்லாமல் பிள்ளைக்கு எப்படிப் பால் கொடுப்பாய்" என்று போனில் கேட்கிறார். ஜி.பி.க்கு, அதாவது இங்கே எங்கள் குடும்ப டாக்டருக்கு, ஆன்லைனில் ஃபாரம் நிரப்பி அனுப்பினேன். யாரும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. "இது அழகு சார்ந்த சிகிச்சை, என்.எச்.எஸ்.ஸில் வழக்கமாகச் செய்வதில்லை" என்று ஒரு டெக்ஸ்ட் மட்டும் வந்தது. விசாவோடு சேர்த்து என்.எச்.எஸ்.ஸுக்கென்று ஆளுக்கு வருஷம் 1,035 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டுகிறோமே, அதற்கு இதுதானா? மேல்முறையீடு செய்யலாமா? இல்லை, டிசம்பரில் சென்னை போகும்போது அங்கேயே ஆபரேஷனை முடித்துக்கொண்டு வந்துவிடட்டுமா? ஊரில் என் தங்கைக்கு 15 வயது, அவளுக்கும் இப்படியே இருக்கிறது. அவளுக்கு இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?
– பெயர் வேண்டாம், கிழக்கு லண்டன்

பதில்: அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அந்த உரிமையிலேயே சொல்கிறேன். ஆபரேஷனுக்காக என்.எச்.எஸ்.ஸோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், சென்னையிலும் இப்போது வேண்டாம். குழந்தை பெற்று, பால் கொடுத்து முடிக்கும் வரைக்கும் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது, ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் ஒருத்தரும் மார்பைப் பார்க்காமல் டெக்ஸ்டில் பதில் அனுப்பினார்களே, அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். அதற்கு நீங்கள் திரும்பப் போய்க் கேட்கத்தான் வேண்டும்.

முதலில் உங்களுக்கு இருப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். காம்புக்கு அடியில் பால் வரும் நாளங்களும் அவற்றைச் சுற்றி நார் மாதிரியான திசுவும் இருக்கின்றன. சிலருக்கு வளர்கிற வயதில் இவை போதுமான நீளத்துக்கு வளராமல், கூடாரத் துணியை நடுவில் கயிறு கட்டி உள்ளே இழுத்துப் பிடித்த மாதிரி காம்பை உள்ளேயே பிடித்துக்கொள்கின்றன. இது ஒன்றும் அபூர்வமில்லை, நூறு பெண்களை எடுத்தால் இரண்டு மூன்று பேருக்காவது இருக்கும், சில கணக்குகள் பத்து வரை போகின்றன. டாக்டர்கள் இதை மூன்று நிலையாகப் பிரிப்பார்கள்: லேசாக இழுத்தாலே வெளியே வந்து அப்படியே நிற்பது முதல் நிலை, வெளியே வந்து திரும்ப உள்ளே போவது இரண்டாவது, எவ்வளவு இழுத்தாலும் வர மறுப்பது மூன்றாவது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது நிலையாக இருக்கலாம், நேரில் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படி இருந்தால் அது நல்ல செய்திதான், வெளியே வரக்கூடிய காம்பை வைத்துக்கொண்டு பால் கொடுத்த பெண்கள் ஏராளம்.

இப்போது அந்த டெக்ஸ்டுக்கு வருகிறேன். இங்கிலாந்து முழுமைக்கும் "இதைச் செய்யக் கூடாது" என்று ஒரே சட்டம் எதுவும் இல்லை. எந்தச் சிகிச்சைக்குப் பணம் கொடுப்பது என்பதை அந்தந்தப் பகுதியின் ஐ.சி.பி. எனப்படும் ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியம் முடிவு செய்கிறது. 2022 ஜூலையில், அதுவரை இந்த வேலையைச் செய்த சி.சி.ஜி. என்ற உள்ளூர்க் குழுக்களைக் கலைத்துவிட்டு 42 வாரியங்களாக ஆரம்பித்தார்கள். அதனால் கொள்கையின் வாசகம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். சில இடத்தில் "உள்வாங்கிய காம்புக்கு ஆபரேஷன் அழகு சிகிச்சை, பணம் தருவதில்லை" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். வேறு சில இடத்தில் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். அந்தக் கதவு எங்கிருந்து வந்தது என்றால், 2000-களின் நடுவில் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்காக என்.எச்.எஸ். தயாரித்த ஒரு வழிகாட்டியிலிருந்து. அதில் சொன்னது இதுதான்: பருவ வளர்ச்சி முடிந்த பெண்ணாக இருக்க வேண்டும், அழகுக்காக இல்லாமல் பால் கொடுப்பது மாதிரியான செயல்பாட்டுக் காரணம் இருக்க வேண்டும், உறிஞ்சி இழுக்கும் சின்னக் கருவியைச் சரியாகப் பயன்படுத்தியும் பலன் இல்லாமல் போயிருக்க வேண்டும், அப்போதுதான் ஆபரேஷன். அதே வழிகாட்டி இன்னொன்றையும் அழுத்திச் சொன்னது. இதுவரை சரியாக இருந்த காம்பு புதிதாக உள்ளே போனால் அடியில் புற்றுநோய் இருக்கலாம், அதை அவசரமாகப் பரிசோதிக்க வேண்டும். உள்ளூர் வாரியங்கள் பல அந்த வாசகத்தை இன்று வரை கொஞ்சம் அப்படி இப்படி மாற்றி வைத்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் வாரியத்தின் இணையதளத்தில் கொள்கைப் பட்டியல் யாரும் படிக்கிற மாதிரி இருக்கும், தேடிப் பாருங்கள். பெரும்பாலும் மார்பகக் குறைப்பு, மார்பகப் பெரிதாக்கல் இவற்றுக்குப் பக்கத்திலேயே காம்பும் இருக்கும்.

ஆக, கொள்கைக்கு இரண்டு முகம். சின்ன வயசிலிருந்தே இருப்பதைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்குக் கிட்டத்தட்ட "இல்லை". புதிதாக வந்ததைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு "உடனே வா". இரண்டுக்கும் நடுவில் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று யார் தீர்மானிப்பது? ஒரு டாக்டர் கேட்டு, கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஃபாரத்தில் "காம்பு உள்ளே இருக்கிறது" என்று எழுதியதைப் படித்துவிட்டு அழகு சிகிச்சை என்று முத்திரை குத்துவது கொள்கையைப் பாதி படித்தவர்கள் செய்கிற வேலை. எனக்கு இதில்தான் கோபம்.

திரும்ப அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். ஆபரேஷன் என்ற வார்த்தையையே எடுக்க வேண்டாம். "குழந்தைக்குத் திட்டமிடுகிறேன், மார்பைப் பரிசோதிக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். பெண் டாக்டர் அல்லது பெண் நர்ஸ் வேண்டும் என்று கேட்கலாம், பரிசோதனையின் போது கூட ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம், இரண்டுமே அங்கே சாதாரண விஷயம். இதைப் படிக்கிற, ஆங்கிலம் தடுமாறும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன், தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் இணைத்துத் தரச் சொல்லுங்கள், அதற்குக் காசு கிடையாது. மார்பைப் பற்றிப் பேசும்போது பத்து வயசுப் பையனை மொழிபெயர்க்க உட்கார வைக்கிற கொடுமை நம் ஆட்கள் வீட்டில் இன்னும் நடக்கிறது.

சர்சார்ஜ் பற்றிக் கேட்டீர்கள். 2024 பிப்ரவரியில் 624-லிருந்து 1,035 ஆக ஏற்றியபோது எல்லாருக்கும் வயிறு எரிந்தது உண்மை. ஆனால் அந்தப் பணம் வாங்கித் தருவது இங்கேயே நிரந்தரமாக இருப்பவர்களுக்கு என்ன கிடைக்குமோ அதைத்தான் (செயற்கைக் கருத்தரிப்பு போன்ற ஓரிரண்டைத் தவிர). அவர்களுக்கும் இந்த ஆபரேஷன் கிடைக்காது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் இதே டெக்ஸ்ட்தான் வந்திருக்கும். உங்களை வெளிநாட்டுக்காரி என்று ஒதுக்கிவிட்டார்களோ என்ற எண்ணம் கடிதத்தில் தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தில் அது இல்லை. பிரசவச் செலவு மொத்தமும் அந்தச் சர்சார்ஜுக்குள் அடங்கும், அதில் தாய்ப்பால் உதவியும் சேர்த்தி. உங்கள் காசை வசூலிக்க வேண்டிய இடம் அதுதான்.

மேல்முறையீடு. முறைப்படி ஒரு வழி இருக்கிறது, ஐ.எஃப்.ஆர். என்பார்கள், தனிநபருக்கான நிதி விண்ணப்பம். நீங்கள் போட முடியாது, உங்கள் ஜி.பி.யோ ஸ்பெஷலிஸ்டோ உங்களுக்காகப் போட வேண்டும். குழு பார்ப்பது ஒரே ஒரு கேள்வி: இதே பிரச்சினை உள்ள மற்ற பெண்களிடமிருந்து இவர் மருத்துவ ரீதியில் எந்த வகையில் விதிவிலக்கு, அவர்களைவிட இவருக்கு அதிகப் பலன் கிடைக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? "மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது", "மாமியார் பேசுகிறார்", "கணவர் முன்னால் கூச்சமாக இருக்கிறது" இதெல்லாம் உண்மையான வேதனைதான், ஆனால் அந்த மேஜையில் செல்லாது. பெரும்பாலான வாரியங்கள் சமூகக் காரணங்களைக் கணக்கில் எடுக்கவே மாட்டோம் என்று எழுதியே வைத்திருக்கின்றன. "தாய்ப்பால் கொடுக்க வேண்டும்" என்று போட்டாலும், முதலில் கருவியைப் பயன்படுத்தினீர்களா என்பார்கள், அப்புறம் ஆபரேஷன் தாய்ப்பாலுக்கு உதவும் என்று நிரூபியுங்கள் என்பார்கள். அங்கேதான் விண்ணப்பம் கவிழும், ஏனென்றால் அப்படி நிரூபிக்க முடியாது.

ஏன் முடியாது என்று பாருங்கள். காம்பை உள்ளே பிடித்துக்கொண்டிருப்பதே அந்தக் குட்டையான நாளங்களும் நாரும்தான். காம்பை வெளியே கொண்டுவந்து நிரந்தரமாக நிறுத்த வேண்டும் என்றால் அந்தப் பிடியை அறுக்க வேண்டும். நன்றாக உள்ளே போன காம்புக்கு நாளங்களையே வெட்டித்தான் விடுவிப்பார்கள், பார்க்க அழகாக நிற்கும், ஆனால் பால் வரும் பாதை போய்விடும். நாளங்களை விட்டுவிட்டு நாரை மட்டும் பிரிக்கிற முறைகளும் உண்டு, லேசான நிலையில் உள்ளவர்களுக்கு அது சரிவரும், ஆனால் அதில் காம்பு திரும்ப உள்ளே போக வாய்ப்பு அதிகம், பாலுக்கு உத்தரவாதமும் யாரும் எழுதித் தர மாட்டார்கள். அரை மணி, ஒரு மணி நேர வேலை, மரத்துப்போக ஊசி போட்டுச் செய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதனால் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். பால் கொடுப்பதற்காகவே ஆபரேஷன் செய்துகொண்டு அதனாலேயே பால் கொடுக்க முடியாமல் போவது எவ்வளவு பெரிய அநியாயம்! கொள்கையில் "செயல்பாட்டுக் காரணம்" என்று பொதுவாக ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனவர்கள் இதை விளக்கியிருந்தால் உங்களைப் போன்றவர்கள் என்.எச்.எஸ். எதையோ மறைக்கிறது என்று நினைக்க மாட்டீர்கள். அடிக்கடி காம்புக்குள் புண், சீழ் என்று அவதிப்படுகிற பெண் வேறு கதை, அவருக்கு இது அழகு சிகிச்சையே இல்லை, மார்பக கிளினிக்குக்கே அனுப்பிப் பார்ப்பார்கள்.

சென்னைத் திட்டத்துக்கும் இதே பதில்தான். தனியாரில் காசு கொடுத்தால் அங்கேயும் இங்கேயும் செய்வார்கள். கத்தி லண்டனில் பட்டாலும் சென்னையில் பட்டாலும் நாளம் நாளம்தான். டிசம்பரில் செய்துகொண்டு மூன்று வாரத்தில் விமானம் ஏறினால், புண் ஆறவில்லை, சீழ் வைத்தது, ஒரு பக்கம் திரும்ப உள்ளே போனது என்றால் பார்ப்பது யார்? அவசர நிலைமைக்கு என்.எச்.எஸ். பார்க்கும், ஆனால் "திரும்பச் சரிசெய்து கொடுங்கள்" என்றால் மறுபடி அதே டெக்ஸ்ட் வரும்.

நடுவில் ஒன்று சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனை என்றாலே அழகு சம்பந்தப்பட்டதைத் தொடக் கூடாது என்பது உலகம் முழுக்க எழுதி வைத்த விதி இல்லை. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாக மார்பக இம்ப்ளான்ட் வைக்கும் கிளினிக்கைத் தமிழக அரசு தொடங்கியது, அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் விஜயபாஸ்கர். பணக்காரருக்குக் கிடைப்பது ஏழைக்கும் கிடைக்கட்டும் என்றார்கள், உயிர் காக்கும் சிகிச்சைக்கே பணம் போதாதபோது இது எதற்கு என்று எதிர்ப்பும் வந்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. என் கருத்தைக் கேட்டால், எல்லாவற்றையும் வரிப்பணத்தில் செய்ய முடியாது, உள்வாங்கிய காம்புக்கான ஆபரேஷனைப் பட்டியலிலிருந்து விட்டதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு ஒரு இடத்தில். "முதலில் உறிஞ்சும் கருவியைப் பயன்படுத்து" என்று கொள்கை சொல்கிறது, ஆனால் அந்தக் கருவியைப் பெரும்பாலும் அவர்கள் தருவதில்லை, கடையில் நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். எப்படிப் போடுவது என்று காட்டவும் ஆள் இல்லை. ஆபரேஷனோடு ஒப்பிட்டால் கருவியின் விலை சுண்டைக்காய். இதைக் கொடுக்க மனமில்லாத வாரியம் "சரியாகப் பயன்படுத்தினீர்களா" என்று மட்டும் கேட்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சரி, கருவி என்ன என்று சொல்கிறேன். நிப்லெட் என்று பெயர், டக்ளஸ் மெக்ஜார்ஜ் என்ற பிரிட்டிஷ் பிளாஸ்டிக் சர்ஜன் கண்டுபிடித்து 1994-ல் மருத்துவ இதழில் எழுதினார். அதே வேலையைச் செய்யும் வேறு கம்பெனிகளின் கருவிகளும் கிடைக்கின்றன. சின்ன ஒளிஊடுருவும் பிளாஸ்டிக் தொப்பி, அதில் ஒரு குழாய், ஒரு சிரிஞ்ச். காம்பின் மேல் தொப்பியை வைத்து சிரிஞ்சால் காற்றை இழுத்தால் காம்பு தொப்பிக்குள் வரும். பிராவுக்குள் போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம். முதலில் அரை மணி, ஒரு மணி என்று ஆரம்பித்து மெதுவாக நேரத்தைக் கூட்ட வேண்டும், நிறையப் பேருக்கு ஒன்று முதல் மூன்று மாதம் வரை தினமும் போட்டால்தான் மாற்றம் தெரியும். இழுக்கும்போது வலிக்கவே கூடாது. வலித்தாலோ கொப்புளம் வந்தாலோ ரத்தம் கசிந்தாலோ நிறுத்திவிட்டு ஆற விடுங்கள், சீக்கிரம் சரியாகட்டும் என்று வேகமாக இழுப்பவர்கள்தான் காயப்படுத்திக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் பலன் தரும் என்று சொல்ல மாட்டேன், சிலருக்குப் போடுவதை விட்டதும் பழையபடி உள்ளே போகும். உங்களைப் போல இன்னும் கர்ப்பமாகாதவர்கள் முயற்சி செய்ய நல்ல நேரம் இதுதான். கர்ப்பமான பிறகு தொடரலாமா என்பதைப் பிரசவம் பார்க்கும் மிட்வைஃபிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கடைசி மூன்று மாதத்தில் வேண்டாம், முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்களுக்கு எந்த மாதத்திலும் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் காம்பில் வளையம் குத்திக்கொண்டால் சரியாகும் என்று போடுகிறார்கள், தயவுசெய்து அதை நம்பிப் போகாதீர்கள், மார்புக்குள் சீழ்க்கட்டி வந்தால் பால் கொடுக்கும் ஆசைக்கே ஆபத்து.

கர்ப்ப காலத்தில் விரலால் காம்பின் இரு பக்கமும் அழுத்தி இழுக்கும் பயிற்சி ஒன்றை யாராவது கட்டாயம் சொல்லித் தருவார்கள், ஹாஃப்மன் பயிற்சி என்பார்கள். பிராவுக்குள் ஒரு பிளாஸ்டிக் ஷெல் வைக்கச் சொல்பவர்களும் உண்டு. இவை இரண்டையும் 1990-களின் முதல் பாதியில் பிரிட்டனிலேயே ஒழுங்காகச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 1992-ல் 96 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஷெல் போடச் சொல்லப்பட்டவர்களில் ஆறாவது வாரம் பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தார்கள். 1994-ல் பிரிட்டனிலும் கனடாவிலுமாக 463 பெண்களிடம் செய்த பெரிய ஆய்விலும் பயிற்சியோ ஷெல்லோ எந்த நன்மையும் தரவில்லை. அப்புறம் ஏன் இன்னும் சொல்கிறார்கள் என்றால், சும்மா இரு என்று சொல்வதைவிட எதையாவது செய் என்று சொல்வது எல்லாருக்கும் சுலபம். கர்ப்பத்தில் காம்பு தானாகவே கொஞ்சம் நீளும், இளகும், நாம் இழுத்துப் பிழிய வேண்டியதில்லை.

இனி மாமியார் கேட்ட கேள்வி, "எப்படிப் பால் கொடுப்பாய்". குழந்தை காம்பை மட்டும் சப்பிக் குடிப்பதில்லை. வாயை நன்றாகத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தோடு சேர்த்து ஒரு வாய் மார்பைப் பிடித்து அழுத்தித்தான் பாலை எடுக்கிறது. அப்படிப் பிடிக்கும்போது பல குழந்தைகள் காம்பைத் தாமே வெளியே இழுத்துவிடும். முதல் சில நாள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடப் போராட்டம் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். அந்தச் சில நாளில் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் அதற்கு முன்னேற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கர்ப்பம் உறுதியானதும், புக்கிங் என்று சொல்லும் மிட்வைஃபின் முதல் அப்பாயின்ட்மென்டிலேயே, அது பத்து வாரத்துக்குள் நடக்கும், காம்பு விஷயத்தைச் சொல்லிக் குறிப்பில் எழுத வையுங்கள். பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் தாய்ப்பாலுக்கென்று தனிக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் எட்டாம் மாதத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். 36 வாரத்துக்குப் பிறகு, மிட்வைஃப் சரி என்றால், கையால் சீம்பாலைப் பீய்ச்சி சின்ன சிரிஞ்சுகளில் உறைய வைத்துக்கொள்ளலாம். குழந்தை முதல் இரண்டு நாள் பிடிக்கத் தடுமாறினால் அந்தச் சீம்பால் கைகொடுக்கும், "பால் பத்தவில்லை, ஃபார்முலா கொடு" என்று நாலு பேர் சொல்லும்போது உங்களுக்குத் தைரியமும் கொடுக்கும். பிறந்த உடனே குழந்தையை வெறும் நெஞ்சின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். பால் கட்டிக்கொண்டு மார்பு கல் மாதிரி ஆகிவிட்டால் காம்பு இன்னும் உள்ளே போகும், கருவட்டத்தைச் சுற்றி விரலால் மெதுவாக அழுத்திக் கொஞ்சம் பீய்ச்சிவிட்ட பிறகு குழந்தையை வையுங்கள். ஆரம்ப வாரங்களில் பாட்டில் நிப்பிளும் சூப்பானும் வேண்டாம்.

நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் ஒரு வித்தை செய்து காட்டுவார்கள், உலக சுகாதார நிறுவனத்தின் தாய்ப்பால் பயிற்சியிலும் அது உண்டு. பத்து அல்லது இருபது மில்லி சிரிஞ்சை எடுத்து ஊசி மாட்டுகிற முனையை வெட்டிவிட்டு, வெட்டின பக்கத்திலிருந்து பிஸ்டனைச் செலுத்தி, வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பின் மேல் வைத்து மெதுவாக இழுத்து அரை நிமிடம், ஒரு நிமிடம் பிடிப்பது. பால் கொடுப்பதற்குச் சற்று முன் செய்தால் காம்பு வெளியே வந்து குழந்தைக்குப் பிடிக்கச் சுலபமாக இருக்கும். இது பிரசவத்துக்குப் பிறகு செய்வது. வெட்டிய ஓரம் மார்பில் படவே கூடாது, முதல் தடவை தெரிந்தவர் காட்டிக்கொடுத்தபின் செய்யுங்கள். பிரெஸ்ட் பம்ப்பை ஒரு நிமிடம் ஓட்டினாலும் இதே பலன்தான். அப்புறமும் முடியவில்லை என்றால் சிலிகான் நிப்பிள் ஷீல்டு இருக்கிறது, அதை யாராவது கூட இருந்து பார்த்துக்கொடுத்துப் பயன்படுத்துங்கள், சரியாகப் பொருந்தாவிட்டால் குழந்தைக்குப் போகும் பால் குறையும், எடை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபின் தடுமாறினால் மிட்வைஃபைக் கூப்பிடுங்கள், தேசியத் தாய்ப்பால் உதவி எண்ணும் இருக்கிறது, 0300 100 0212. இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்றில்லை, ஒரு பக்கம் மட்டும் ஒழுங்காக வந்தால் அந்த ஒரு பக்கத்திலேயே கொடுத்து வளர்த்தவர்களும் இருக்கிறார்கள். இத்தனை செய்தும் முடியாமல் போனால் பீய்ச்சிக் கொடுங்கள், ஃபார்முலா கொடுங்கள், பிள்ளை நன்றாகவே வளரும், மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று, ஆனால் இதைப் படிக்கிற அம்மாக்களும் மாமியார்களும் கவனிக்க வேண்டியது. நேற்று வரை சாதாரணமாக இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்தால், அதுவும் ஒரு பக்கம் மட்டும் இழுத்தால், அதை "வயசாச்சு" என்று விடக் கூடாது. ஐம்பது வயசிலோ அதற்கு மேலோ ஒரு பக்கக் காம்பில் மட்டும் இழுப்போ கசிவோ வந்தால் புற்றுநோய் சந்தேகப் பாதையில் அனுப்ப வேண்டும் என்று, டாக்டர்களுக்கு வழிகாட்டிகள் வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியே சொல்கிறது. அப்படி அனுப்பினால் 28 நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்பது இலக்கு. முப்பது வயசிலோ அதற்கு மேலோ புதிதாகக் கட்டி தெரிந்தாலும் அதே பாதைதான். காம்பில் எக்சிமா மாதிரி ஆறாத புண், ரத்தம் கலந்த கசிவு, ஆரஞ்சுத் தோல் மாதிரி மார்புத் தோல், அக்குளில் கட்டி, இவற்றில் எது இருந்தாலும் வயசு பார்க்காமல் போய்க் காட்டுங்கள். உள்ளே போன எல்லாக் காம்புக்கும் புற்றுநோய்தான் காரணம் என்று இல்லை, நாள்பட்ட அழற்சி, நாளம் விரிதல், நம் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்கு அபூர்வமாக மார்பில் காசநோய்கூட இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்வதற்குத்தான் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும். ஊரிலிருந்து விசிட் வந்திருக்கும் அம்மாவுக்கு இப்படி இருந்தால் இங்கிலாந்தில் ஜி.பி.யைப் பார்ப்பதற்கு யாரிடமும் காசு வாங்குவதில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரிய பில் வரும், அதனால் ஜி.பி. பார்த்த கையோடு ஊருக்கு அனுப்பி அங்கே உடனே காட்டுவது பலருக்குச் சரியாக இருக்கும். "திரும்பிப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஆறு மாத விசாவை முழுசாக இருந்துவிட்டுப் போகாதீர்கள்.

தங்கை பற்றி: 15 வயதில் மார்பு இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, சிலருக்கு வளர்ச்சி முடியும்போது காம்பு தானே வெளியே வரும். குடும்பத்தில் இப்படி ஓடுவதும் சகஜம், உங்கள் அம்மாவையோ சித்தியையோ கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்காவது இருந்திருக்கலாம். வலி, புண், கசிவு இல்லாமல் சின்னதிலிருந்தே அப்படியே இருந்தால் அவளுக்கு எந்தக் கருவியும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். குளித்ததும் உள்ளே ஈரம் நிற்காமல் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், போதும்.